நான் குறைத்துக்கொண்ட பன்னிரண்டு வயது

என் சாமிக்கு,

ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மகனுக்குக் காகிதம் எழுதுகிற அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீ சிரித்தால் சிரித்துக்கொள். வாயால் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன், முடியவில்லை. பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டியவனுடைய வாய், மாட்டுவண்டிக்காரனை ஏசுவதற்கும் படியில் தொங்குகிறவனை அதட்டுவதற்கும்தான் பழகியிருக்கிறது. மெதுவாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லப் போனாலும் குரல் உயர்ந்துவிடுகிறது. உடனே உன் அம்மா உள்ளே இருந்து, "இப்ப எதுக்குங்க பையன்கிட்டச் சண்டைக்குப் போறீங்க" என்று கேட்பாள். அதனால்தான் எழுதுகிறேன். புதன்கிழமை நீ குமாரபாளையம் கிளம்புவதற்குள் எழுதி முடித்து, உன் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிடுவேன். அங்கே போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அந்தச் செய்தியோடு வந்தாய். குமாரபாளையத்துப் புது மில்லில் உன்னை ஆள் எடுக்கிற மேஸ்திரியாகப் போட்டிருக்கிறார்கள் என்றதும் உன் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுப்பை மூட்டிக் கச்சாயம் சுட்டாள். நாம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நீ தின்றுகொண்டே சொன்னாய்: "கேட்டுல நான்தானுங்கம்மா உக்காரோணும். கைகாலு நல்லாருக்கறவங்களாப் பாத்து எடுக்கச் சொல்லியிருக்கறாங்க. நாப்பது தாண்டினவங்க வேண்டாம்னு முதலாளி கண்டிசனாச் சொல்லிட்டாருங்க." கத்தரிக்காய் விலை சொல்லுகிற மாதிரி சொல்லிவிட்டு இன்னொரு கச்சாயத்தை எடுத்துக் கடித்தாய். நான் எழுந்து கை கழுவிக்கொண்டு கடைவீதிப் பக்கம் போய்விட்டேன். நான் போன பிறகு, "அப்பாவுக்கு இதுல சந்தோசம் இல்லீங்களா" என்று உன் அம்மாவிடம் கேட்டாயாம். சந்தோஷம் இருக்கிறது சாமி. உனக்குக் கிடைத்ததைக் கேட்டு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அந்த நாற்பது என்கிற ஒரு வார்த்தையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். ஆறு வருஷமாக நம் வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. நான் மனம் நோகக் கூடாது என்று நீ பேசவில்லை. வெட்கத்தால் நான் பேசவில்லை. உன் அம்மா ஏன் பேசவில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். இப்போது நீ மில் கேட்டில் ஆள் எடுக்கிற நாற்காலியில் உட்காரப் போகிறாய். இனிமேலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது உனக்குச் செய்கிற துரோகம். நீ பார்த்தது பாதிதான். என் பக்கத்துப் பாதியையும் சேர்த்துச் சொல்கிறேன், கேள்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டார்களே, அப்போது எங்கள் முதலாளியிடம் மூன்று பஸ் இருந்தது. இரண்டைக் கொட்டகையில் கல் வைத்து நிறுத்திவிட்டார். ஒன்றுக்குப் பின்னால் பெரிய உருளையை மாட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு, அந்தப் புகையில் ஓட்டலாம் என்று ஏற்பாடு செய்தார். டிரைவர்களில் ஒருவன் பட்டாளத்து லாரிக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்தது நானும் இன்னொருவனும். அவனுக்கு முப்பது கூட ஆகவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதினெட்டு வருஷத்தில் அவர் முன்னால் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். "உங்களுக்குக் கண்ணு முன்ன மாதிரி இருக்காதுங்களே" என்றார். எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. மல்லூர் மேட்டில் ஏறும்போதே அந்தப் பக்கம் வருகிற வண்டியில் என்ன பாரம் என்று சொல்லுவேன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே என் வண்டியில் அடிபட்டது ஒரே ஓர் ஆடு, அதுவும் அதுவாக வந்து விழுந்தது. இதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் மனிதனுக்குப் பேச்சு வராது போலிருக்கிறது. எனக்கு அப்போது ஐம்பது.

அதன் பிறகு மூன்று மாதம் நான் ஏறி இறங்காத பஸ் கொட்டகை இல்லை. ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் எல்லாம் போனேன். பாதி வழி நடை. யாரும் என்னை விரட்டவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். விரட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை ஏசிவிட்டு வந்திருப்பேன். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "வாங்க பெரியவரே, வெயில்ல வந்திருக்கறீங்க, மோர் குடிங்க" என்பார்கள். அதற்கு முன்னால் என்னை யாரும் பெரியவரே என்று கூப்பிட்டதில்லை. டிரைவரே என்பார்கள், அண்ணா என்பார்கள், குடித்திருந்தால் டேய் என்பார்கள். நாலைந்து இடம் போன பிறகு எனக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. மோர் வந்தால் வேலை இல்லை. ஆத்தூரில் ஒருவர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் நிற்க வைத்தே பேசினார். எனக்கு ஒரே நம்பிக்கை. கடைசியில் உள்ளே திரும்பி, "அம்மிணி, ஒரு சொம்பு மோர்" என்றார்.

வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். உப்பு கூட என்று எறிந்தேன், உப்பு குறைச்சல் என்று எறிந்தேன். நீ அப்போது சேலத்து மில்லில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நீ வேலை முடிந்து வந்து தலையில் பஞ்சோடு முற்றத்தில் நின்று கை கால் கழுவும்போது எனக்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கும். ஆனால், "செருப்பை ஒழுங்கா உடத் தெரியாதா" என்றுதான் கேட்டேன். உன் உழைப்பில் சாப்பிடுகிறோமே என்கிற கூச்சத்தை உன்மேலேயே கோபமாகக் காட்டினேன். அதற்கு நீ ஒரு நாளும் பதில் பேசியதில்லை. இந்தக் காகிதத்தில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒன்றல்ல. அதில் இதை முதலாவதாக வைத்துக்கொள்.

உன் மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். பட்டாளத்துத் துணிக்கு நூல் போக வேண்டும், இரண்டு ஷிப்ட் போதவில்லை என்றாய். நாற்பதுக்கு மேலே எடுப்பதில்லை என்பதையும் நீதான் சொன்னாய், தலையைக் குனிந்துகொண்டு. கேட்டில் உட்கார்ந்திருக்கிற குமாஸ்தா எப்படி வயதைக் கண்டுபிடிப்பார் என்று விசாரித்தேன். நம் ஆட்களுக்கு எந்த ஊர்ச் சான்றிதழ் இருக்கிறது? பிறந்த வருஷத்தின் பெயரைக் கேட்பாராம். அறுபது வருஷமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடமாம். வருஷத்தின் பெயரைச் சொன்னதும் விரல் கணுவில் எண்ணி வயதை எழுதிக்கொள்வாராம். நான் உனக்குத் தெரியாமல் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். நான் பிறந்தது நந்தன வருஷம். குரோதி என்று சொன்னால் முப்பத்தெட்டு. ஒரு வார்த்தையில் பன்னிரண்டு வருஷம் போய்விடும். மீசையை எடுத்தேன். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் தலையில் தேய்த்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "ஏனுங்க, எந்தக் கூத்துக்கு வேசங் கட்டறீங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்ததால் அவளிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை கேட்டில் வரிசையில் நின்றேன். குமாஸ்தா கேட்டார், குரோதி என்றேன். கணுவை எண்ணினார், எழுதினார். பெயரைச் சொன்னேன். அதற்குள் காலை ஷிப்டுக்கு ஆட்கள் உள்ளே போகிற நேரம் ஆகிவிட்டது. நீ கூட்டத்தில் வந்தாய். என்னைப் பார்த்து நின்றுவிட்டாய். குமாஸ்தா உன்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சாடை ஒரே மாதிரி இருக்குதே, இவன் உங்களுக்கு என்ன ஆகோணும்" என்றார். சாமி, அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது. பஞ்சாங்கத்தில் வருஷத்தை எண்ணியவன் உன்னை எண்ண மறந்துவிட்டேன். உனக்கு இருபத்தைந்து. முப்பத்தெட்டு வயதுக்காரனுக்கு இருபத்தைந்து வயதில் மகன் எப்படி இருப்பான்? "என்ற சித்தப்பன் பையனுங்க" என்றேன். "இவன் அப்பன் பேரும் உங்க பேரும் ஒன்னா எழுதியிருக்குதே" என்றார். "எங்க குலசாமி பேருங்க, பங்காளிக ஊட்டுல ஊட்டுக்கு ஒருத்தருக்கு வெச்சிருப்பாங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் இன்னும் என்ன கேட்பாரோ, உன் அப்பனைக் கூட்டி வரச் சொல்வாரோ என்று ஒரு பயம். அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும் என்று, "சித்தப்பா போயிட்டாருங்க, ரெண்டு வருசமாச்சு" என்றேன். குமாஸ்தா உன் பக்கம் திரும்பி, "அப்படியா தம்பி" என்று கேட்டார்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒருமுறை உன்னை நாமக்கல் வரை பஸ்ஸில் கூட்டிப்போனேன். என் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாய். வழியில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "எங்கப்பா ஓட்டற பஸ்ஸு" என்று சொன்னாய். ஒரு பாட்டியிடம், "டிக்கெட்டு வேண்டாம், எங்கப்பா பஸ்ஸுதான்" என்றாய். கண்டக்டர் உன்னை அடிக்க வந்தான். அந்தப் பையன்தான் அன்று காலை கேட்டில் என் முகத்தைப் பார்த்தான். பிறகு குமாஸ்தாவைப் பார்த்தான். "ஆமாங்க" என்றான். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். நீ கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் வயிற்றுப் பாட்டுக்காக உன் வாயால் என்னைச் சாகடிக்க வைத்தேனே, அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

என்னைப் பஞ்சு உடைக்கிற அறையில் போட்டார்கள். பொதியைப் பிரித்து மெஷினில் போடுகிற வேலை. மூச்சு முட்டும், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. கைக்கு வேலை கிடைத்துவிட்டால் மனிதன் எவ்வளவு நல்லவன் ஆகிவிடுகிறான் என்று நீயே பார்த்தாய். வீட்டில் உப்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினேன். அந்த அறைக்குள் போய் அரைமணி ஆகிவிட்டால் இருபது வயதுக்காரன் தலையும் பஞ்சில் வெளுத்துவிடும். எல்லோரும் கிழவர்களாக நிற்போம். தலைக்குத் தேய்த்த கரி வியர்வையில் கழுத்து வழியாக இறங்கும்போது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். முப்பது வயதுக்காரன் தூக்குகிற பொதியை நானும் தூக்கினேன். யாரும் என்னைப் பெரியவரே என்று கூப்பிடவில்லை. நீ மட்டும் சாப்பாட்டு வேளையில், "ஏனுங்கண்ணா, சாப்பிட்டீங்களா" என்று கேட்பாய். மற்றவர்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காகக் கேட்டாய் என்று தெரியும். ஆனாலும் அந்த அண்ணா என் நெஞ்சில் போய்க் குத்தும்.

கொஞ்ச நாளில் வீட்டிலும் நீ என்னை அப்பா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாய். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்றால் வாய் தவறிவிடும் என்று பயந்திருப்பாய். "இந்தாங்க", "வாங்க", "சோறு போட்டாச்சுங்க" என்று மொட்டையாகப் பேசினாய். உன் அம்மா கவனித்தாள். என்னிடம் கேட்டாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், நான் செத்துப்போனதாகச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஐந்தாவது மாதம் மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆட்டையாம்பட்டிக்காரர், மில்லுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார், உனக்கும் அவர்தான் மேஸ்திரி. என்னைவிட நாலு வயது சின்னவர். ஆனால் என் வயதைக் குரோதியில் வைத்திருந்ததால் என்னை வாடா போடா என்றுதான் பேசுவார். "உன்ற சித்தப்பன் பையன் தங்கமான பையன்டா. என்ற புள்ளையக் குடுக்கலாமுன்னு இருக்கறேன். அப்பனில்லாத பையன், நீதான் முன்ன நின்னு செய்யோணும். வார வெள்ளிக்கெழம ஊட்டைப் பாக்க வாரோம், அவங்கம்மாகிட்டச் சொல்லி வை" என்றார். அந்தப் பெண் மத்தியானம் அப்பனுக்குச் சோறு கொண்டுவருகிற நேரம் பார்த்து நீ தலையில் பஞ்சைத் தட்டிவிட்டுச் சீவிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று நீ நினைத்திருந்தாய்.

அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போது செத்துப்போன கதையையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொன்னதோடு விட்டேனா? "வெள்ளிக்கெழம ஒரு நாளைக்குப் பொட்டை அழிச்சுட்டு, தாலிய மாராப்புக்குள்ள போட்டுக்க. பாத்துட்டுப் போயிருவாங்க" என்றேன். இதை நான் சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது கிணற்றடியில் இருந்தாய். உன் அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. "ஏனுங்க, உங்களுக்கு வேலை வேணும்னு ஊரு ஊரா நடந்தீங்களே, அது எதுக்குங்க? என்னையும் பையனையும் காப்பாத்தத்தானுங்க? இப்ப அந்த வேலையக் காப்பாத்த என்ற தாலிய ஒளிச்சு வெக்கச் சொல்றீங்க" என்றாள். பிறகு, "நீங்க உசுரோட எதிர்க்க உக்காந்திருக்கறப்ப என்ற கையால பொட்டை அழிக்க மாட்டனுங்க. பட்டினி கெடக்கச் சொல்லுங்க, கெடக்கறேன்" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வேளைக்குச் சோறு மட்டும் வந்தது.

மேஸ்திரி வீட்டுக்கு வந்தால் என் பொய் வெளியே வந்துவிடும் என்பதை நீ எப்படியோ புரிந்துகொண்டாய். மறுநாள் காலை மில்லுக்கு நடக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "அந்த எடம் வேண்டாமுங்க. எனக்குப் புடிக்கலன்னு நானே மேஸ்திரிகிட்டச் சொல்லிர்றேன். நீங்க வேலையப் பாருங்க" என்றாய். அதற்கு நான் சொன்ன பதிலைத்தான் நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "சரி" என்றேன். அவ்வளவுதான். ஒரு பேச்சுக்குக்கூட, வேண்டாம் சாமி என்று சொல்லவில்லை. உள்ளுக்குள் ஓர் ஆறுதல் கூட வந்தது. மறுபடியும் கொட்டகை கொட்டகையாகப் போய் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். வேலை இல்லாமல் அலைந்த மூன்று மாதம் என்னை அப்படி ஆக்கிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் சரி என்று சொன்ன வாய் என்னுடையதுதான்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது நீ மேஸ்திரியிடம் போனாய். நான் பத்தடி தள்ளி இருந்தேன். நீ சொன்னது கேட்கவில்லை, அவர் சொன்னது கேட்டது. "என்ற புள்ளைக்கு என்னடா கொறைச்சல்? உன்ற வாயால சொல்லு" என்றார். அந்தப் பெண் தூக்குப்போசியை வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அது உன்னைப் பார்த்தது. நீ தரையைப் பார்த்தாய். மேஸ்திரி இன்னும் ஏதோ சொன்னார், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பன் இல்லாத பையன் என்றுதான் அத்தனை பேர் நடுவில் உன்னை அப்படிப் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அப்பன் பத்தடியில் சோற்றுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. "மேஸ்திரி, அவன் மேல கோவிக்காதீங்க. அவன் பொய் சொல்றான். அவனுக்குப் புள்ளையப் புடிச்சிருக்குது. அவன் நான் பெத்த பையனுங்க. எனக்கு அம்பது வயசு. இவங்கப்பன் செத்துட்டான்னு சொன்னது நான்தான், அந்த அப்பனும் நான்தானுங்க" என்றேன். மேஸ்திரி, "அட கெரகமே" என்று சொல்லிவிட்டு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. "ஒரு நாள் மட்டம் போட்டதில்லை, வேலையிலயும் கொறை சொல்ல ஒன்னுமில்லை. ஆனா ஒங்க வயசு தெரிஞ்சு போச்சே, நான் என்ன பண்ணட்டும்" என்றார். காலையில் பொதி தூக்கிய அதே கை சாயங்காலம் ஆகாத கை ஆகிவிட்டது. உன்னையும் அனுப்பிவிடப் பார்த்தார்கள், மேஸ்திரி விடவில்லை. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். ஷிப்ட் மாறுகிற நேரம், உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களுமாகக் கூட்டம். பின்னாலிருந்து உன் குரல். "அப்பா, நில்லுங்கப்பா, நானும் வாரேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினாய். அந்த வார்த்தையைக் கேட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் அங்கேயே அழுதிருப்பேன். "வேலையப் பாரு சாமி" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். ரயில் கேட்டைத் தாண்டிப் போய்த்தான் அழுதேன். வேலை போன துக்கத்தில் அழுதேன் என்று நீ நினைப்பாய். இல்லை சாமி.

மேஸ்திரி ஒரு வாரம் கழித்து நம் வீட்டுக்கு வந்தார். உன் அம்மா அன்றைக்கு வழக்கத்தைவிடப் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு, தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சொம்போடு அவர் முன்னால் போய் நின்றாள். அவர் பார்த்தார், சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. "அப்பன் இருக்கற ஊட்டுலதான் குடுக்கோணும்னு எங்க ஊட்டுல ஒரே புடிவாதமுங்க. இப்ப அப்பன் இருக்கறாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார். தலையில் கரி பூசாமல், பெண் கேட்க நானே அப்பனாக வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்தான் இன்று உன் குழந்தைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். உன் மாமனார் இன்றும் சந்தையில் என்னைப் பார்த்தால், "குரோதிக்காரரே" என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடட்டும்.

எனக்கு அப்புறம் வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது. கரி பஸ் ஓட்ட அவசரம் ஆகாது. காலையில் அடுப்பை மூட்டி, விசிறி, புகை சரியாக வருகிறவரை காத்திருக்க வேண்டும். மேட்டில் வண்டி திணறினால் இறங்கிக் கரியைக் கிளற வேண்டும். இளவட்டங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை என்று திருச்செங்கோட்டில் ஒரு முதலாளி ஆள் தேடிக்கொண்டிருந்தார். நந்தன வருஷம், ஐம்பத்தொன்று என்று முதல் வார்த்தையிலேயே சொன்னேன். அடுப்பு மூட்டுகிற வேலைக்குத்தான் எடுத்துக்கொண்டார். ஸ்டியரிங்கைத் தொட இன்னும் ஒரு வருஷம் ஆனது. இப்போதும் வாரத்தில் மூன்று நாள் மாற்று டிரைவராகத்தான் போகிறேன். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். உண்மையான வயதில் பார்க்கிற வேலை, அவ்வளவுதான். அதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். முதலாளி சொன்னதை மீறு என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீ ஒரே ஒரு காரியம் செய். போன முதல் வாரத்திலேயே, நீ அவர்களுக்குப் புதிதாக இருக்கும்போதே, வயதைப் பார்க்காமல் வேலையைப் பார்த்து எடுக்கலாமா என்று முதலாளியிடம் ஒரு தடவை கேட்டுவிடு. நாள் ஆகிவிட்டால் நீயும் பழகிவிடுவாய், அப்புறம் கேட்க வராது. ஐம்பது வயதுக்காரன் ஐந்து மாதம் பொதி தூக்கியதை நீ உன் கண்ணால் பார்த்தவன். அதைச் சொல்ல உன்னைவிடத் தகுந்த ஆள் அந்த மில்லில் இருக்க மாட்டான். அவர் முடியாது என்றால் முடியாதுதான். ஆனால் நீ கேட்டாய் என்பது எனக்கு வேண்டும்.

அதற்கு மேலே ஒன்று உன் கையில்தான் இருக்கிறது. நீ நாற்காலியில் இருப்பாய், அவன் வரிசையில் வருவான். மீசை எடுத்த இடம் வெளுத்திருக்கும். காதோரம் கரி இருக்கும். ஏதோ ஒரு வருஷத்தின் பெயரைச் சொல்வான். நீ எண்ணிப் பார்க்கும் முன்னாலேயே உனக்குத் தெரிந்துவிடும். அவனைக் கூட்டத்தின் நடுவில் தோண்டித் துருவாதே. வீட்டில் யார் யார் என்று கேட்காதே. தனியாகக் கூப்பிட்டு, உன் வயதுக்கு அவனை என்னவென்று கூப்பிட வேண்டுமோ அப்படிக் கூப்பிட்டு, உண்மை வயது என்னங்க என்று கேள். சொன்னால் முகம் மாறாமல் கேட்டுக்கொள். வேலை கொடுக்க முடிந்தால் கொடு. முடியாவிட்டால், அவனை ஓர் அப்பனாகவே வீட்டுக்குத் திருப்பி அனுப்பு.

உன் அப்பா.